பிரிட்டிஷ் உலகப்போர்ப் பதக்கங்களைச் சேகரிப்பது எப்படி? விளிம்பிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

முதல் உலகப் போரில் பிரிட்டன் தன் படையில் இருந்தவர்களுக்குக் கொடுத்த வெள்ளிப் பதக்கங்கள் ஏறத்தாழ 64 லட்சம். அவற்றின் விளிம்பைச் சுற்றி, வாங்கியவரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவற்றை அரசாங்கமே பொறித்துக் கொடுத்தது. பிரான்ஸும் ஜெர்மனியும் தங்கள் சாதாரணச் சிப்பாய்களுக்கு இதைச் செய்யவில்லை. அதனால்தான் ஒரு பிரிட்டிஷ் பதக்கம் கைக்கு வந்தால், நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு தனி மனிதரை அவர் பெயரோடு தேடிப் போக முடிகிறது.

புதிதாக இறங்குபவர்கள் பளபளப்பையும் அபூர்வத்தையும் பார்த்து மயங்குகிறார்கள். நாம் பணம் கொடுப்பது அந்த விளிம்பில் இருக்கும் ஒரு வரிக்குத்தான். ராஜாவின் தலையை அப்புறம் பார்க்கலாம். கீழே வரும் படிகள் எல்லாமே அந்த வரியைச் சரியாகப் படிக்க, நம்ப, காப்பாற்றக் கற்றுக்கொடுப்பவை.

படி 1: எதைச் சேர்ப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினால் பெட்டி நிறையும், அறிவு நிறையாது. ஒரு ரெஜிமெண்ட், ஒரு ஊர், ஒரு போர்முனை, ஒரு தொழில் என்று ஒரு எல்லை போட்டுக்கொள்ளுங்கள். துருக்கியின் கலிப்போலி முனை மட்டும், மருத்துவப் படை மட்டும், உங்கள் குடும்பப் பெயரோ ஊர்ப் பெயரோ வரும் பதக்கங்கள் மட்டும் என்று சேர்ப்பவர்கள் உண்டு. தமிழ் வாசகர்களுக்கு என் பரிந்துரை, மதராஸ் படைப்பிரிவுகள். அதைப் பின்னால் சொல்கிறேன்.

தொடங்குவதற்கு முதல் உலகப் போர்தான் நல்லது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படையினருக்குக் கொடுத்த போர்முனைப் பதக்கங்களில் பெயர் இல்லை. பெயரில்லாத பதக்கத்தில் பழகினால் பாதிப் பாடம்தான் கிடைக்கும்.

படி 2: முதல் உலகப் போரின் பதக்கங்களை அடையாளம் காணுங்கள்

திரும்பத் திரும்ப எதிர்ப்படுபவை நான்குதான்.

1914 ஸ்டார்: வெண்கல நட்சத்திரம். 1914 ஆகஸ்ட் 5 முதல் நவம்பர் 22 நள்ளிரவு வரை பிரான்சிலோ பெல்ஜியத்திலோ பணியாற்றியவர்களுக்கு மட்டும். போரின் முதல் சில மாதங்களைத் தாங்கிய பழைய பட்டாளம் இது. ஏறத்தாழ 3,78,000 மட்டுமே. எதிரியின் குண்டுக்கு எதிரே நின்றவர்களுக்கு, தேதி பொறித்த ஒரு சிறு பட்டையும் ரிப்பனில் தைத்துக்கொள்ளக் கிடைத்தது. அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. பட்டையில் பெயர் கிடையாது என்பதால் பின்னாளில் யார் வேண்டுமானாலும் தைத்திருக்கலாம். பட்டைக்கென்று கூடுதல் விலை கேட்டால், பதிவேட்டில் அது இருக்கிறதா என்று பார்க்காமல் கொடுக்காதீர்கள்.

1914-15 ஸ்டார்: வடிவம் கிட்டத்தட்ட அதேதான். 1915 டிசம்பர் 31-க்குள் ஏதாவது ஒரு போர்முனைக்குப் போய், முந்தைய ஸ்டார் கிடைக்காதவர்களுக்கு.

பிரிட்டிஷ் போர்ப் பதக்கம்: 36 மில்லிமீட்டர் விட்டமுள்ள வெள்ளிப் பதக்கம். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ், மறுபக்கம் வில்லியம் மக்மில்லன் வடித்த, ஆடையில்லாத குதிரை வீரன். இதே பதக்கம் வெண்கலத்திலும் உண்டு. சீன, மால்டா, இந்தியத் தொழிலாளர் படைகளுக்கு வெள்ளியைக் கொடுக்காமல் வெண்கலத்தைக் கொடுத்தார்கள். மொத்தம் ஏறத்தாழ 1,10,000. அன்றைக்கு மட்டமாக நினைத்துக் கொடுத்த அந்த வெண்கலப் பதக்கத்துக்குத்தான் இன்று சேகரிப்பாளர்களிடம் வெள்ளியைவிட மதிப்பு அதிகம்.

வெற்றிப் பதக்கம்: இறக்கை விரித்த வெற்றித் தேவதை, வானவில் ரிப்பன். நேச நாடுகள் எல்லாம் ஒரே ரிப்பனோடு வெளியிட்டன. இதை மட்டும் தனியாக யாருக்கும் கொடுக்கவில்லை. வெள்ளிப் பதக்கத்தோடு சேர்ந்தே வந்தது. ஆனால் சந்தையில் தனி வெற்றிப் பதக்கங்கள் ஏராளம். காரணம் துயரமானது. 1980 ஜனவரியில் வெள்ளி விலை எகிறியபோது எண்ணற்ற வெள்ளிப் பதக்கங்கள் உருக்கப்பட்டன. ஜோடியில் எடைக்கு விலைபோகாத வெண்கல வெற்றிப் பதக்கம் மட்டும் தப்பியது.

ஸ்டார், வெள்ளி, வெற்றி மூன்றும் சேர்ந்தால் 'பிப், ஸ்க்வீக், வில்ஃப்ரெட்' என்பார்கள். டெய்லி மிரர் நாளிதழில் வந்த சித்திரத் தொடரின் பாத்திரங்கள் அவை. பின்னிரண்டு மட்டும் என்றால் ஜோடி, அல்லது 'மட் அண்ட் ஜெஃப்'. ஏல விளக்கங்களில் இந்தச் செல்லப் பெயர்கள் அடிக்கடி வரும்.

இவை தவிர வணிகக் கப்பல் மாலுமிகளுக்கான பதக்கம், பிராந்தியப் படையினருக்கான (டெரிடோரியல் ஃபோர்ஸ் என்ற பகுதிநேரத் தொண்டர் படை) பதக்கம் என்று இரண்டு உண்டு. பிராந்தியப் படைப் பதக்கம் ஏறத்தாழ 34,000 மட்டுமே. அந்தப் போரின் போர்முனைப் பதக்கங்களில் இதுதான் அரிதானது. போலிக்காரர்களின் கண்ணும் இதன் மேல் இருக்கும்.

படி 3: விளிம்பைப் படியுங்கள்

நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று, ஒரு வெர்னியர் காலிப்பர், பக்கவாட்டில் விழும் வெளிச்சம். இவ்வளவு போதும். வெள்ளிப் பதக்கத்துக்கும் வெற்றிப் பதக்கத்துக்கும் விளிம்பைப் பாருங்கள். ஸ்டார்களுக்குப் பின்பக்கத்தைப் பாருங்கள்.

முதலில் வருவது எண். அதற்கு முன்னால் இருக்கும் எழுத்தே கதை சொல்லும். ஜி என்றால், கிழக்கு கென்ட், மிடில்செக்ஸ் போன்ற சில தென்கிழக்கு ரெஜிமெண்ட்களில் போர்க்காலத்துக்கு மட்டும் சேர்ந்தவர். அதே ரெஜிமெண்ட்களில் எல் என்றால் போருக்கு முன்பிருந்தே இருந்த நிரந்தரப் பட்டாளத்துக்காரர். எம்2 என்றால் சப்ளைப் படையின் மோட்டார் பிரிவு. ஆறு இலக்க எண் 2 என்று தொடங்கினால் அவர் பெரும்பாலும் பிராந்தியப் படைக்காரர். 1917 தொடக்கத்தில் அந்தப் படை முழுவதற்கும் எண்களை மாற்றினார்கள்.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். ஒரே ஆளின் ஸ்டாரில் நான்கு இலக்க எண், மற்ற இரண்டிலும் ஆறு இலக்க எண். உடனே 'கலந்து கட்டிய செட்' என்று ஒதுக்கிவிடுவார்கள். பிராந்தியப் படைக்காரர் என்றால் அது இயல்பான ஒன்று. பதவியும் அப்படித்தான். ஸ்டாரில் போர்முனைக்குள் நுழைந்தபோது இருந்த பதவி இருக்கும். ஜோடியில் அங்கே அவர் எட்டிய உயர்ந்த பதவி வரும். ஸ்டாரில் பிரைவேட், ஜோடியில் சார்ஜண்ட் என்று இருந்தால் அந்த மனிதர் இடையில் என்னென்ன பார்த்திருப்பார் என்று யோசியுங்கள். என்னைப் பொறுத்தவரை மூன்று பதக்கங்களில் ஒரு வாழ்க்கை நகர்வதைக் காட்டும் இப்படிப்பட்ட செட்டுகள்தான் மிக அழகானவை.

தரைப்படை அதிகாரிகளின் ஜோடியில் பதவியும் பெயரும் மட்டுமே இருக்கும், ரெஜிமெண்ட் இருக்காது. அது குறையில்லை.

ரெஜிமெண்ட் பெயர் இருந்தாலும், அதன் எந்த உட்பிரிவு, அதாவது எந்த பட்டாலியன் என்பது பொதுவாக விளிம்பில் இருக்காது. இது சாதாரண விஷயமில்லை. கிழக்கு லங்காஷயர் ரெஜிமெண்ட் என்று பொறித்த ஒரு சாதாரண ஜோடியை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் 11-ம் பட்டாலியன்காரராகவும் இருக்கலாம். அக்ரிங்டன் வட்டாரத்து நண்பர்களும் அண்ணன் தம்பிகளும் ஒன்றாகச் சேர்ந்த அணி அது. 1916 ஜூலை 1 அன்று, பிரான்சில் நடந்த சோம் போரின் முதல் நாளில், சேர் கிராமத்தை நோக்கி நடந்த ஏறத்தாழ 720 பேரில் 584 பேர் செத்தோ காயப்பட்டோ காணாமலோ போனார்கள். விளிம்பு இதைச் சொல்லாது. அடுத்த படி சொல்லும்.

படி 4: ஆளைத் தேடுங்கள்

லண்டனுக்கு அருகே கியூவில் இருக்கும் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகம்தான் முதல் வாசல். அங்கே டபிள்யூஓ (வார் ஆஃபீஸ், போர் அலுவலகம்) 372 என்ற தொகுப்பில் ஏறத்தாழ 50 லட்சம் பதக்க அட்டைகள் இருக்கின்றன. இணையத்தில் பெயரையும் எண்ணையும் போட்டுத் தேடுவது இலவசம். அட்டையின் படத்துக்குச் சிறு கட்டணம்.

அட்டையில் பார்க்க வேண்டியவை இவை. எந்தெந்தப் பதக்கம், பதிவேட்டின் எந்தப் பக்கம். முதலில் போன போர்முனை, அதற்கு ஒரு குறியெண்: 1 என்றால் பெரும்பாலும் பிரான்ஸ், 2பி என்றால் கலிப்போலி. நுழைந்த தேதி. 1916 தொடக்கத்திலிருந்து போனவர்களுக்குத் தேதி பெரும்பாலும் காலியாக இருக்கும், ஏனென்றால் ஸ்டார் கிடைக்கத் தகுதி உண்டா என்று பார்க்கத்தான் அந்தத் தேதி தேவைப்பட்டது. குறிப்பு என்ற கட்டத்தில் போரில் இறந்தார், உடல்நலம் கெட்டு விடுவிக்கப்பட்டார் என்று சுருக்கெழுத்தில் இருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சில அட்டைகளில், யாரும் வாங்கிக்கொள்ளாததால் பதக்கங்கள் திரும்பி வந்துவிட்டதாக ஒரு குறிப்பு இருக்கும். அந்தப் பெயரில் ஒரு பதக்கம் உங்கள் முன் விற்பனைக்கு இருந்தால் கேள்வி கேட்டே ஆக வேண்டும். ஓடிப்போன குற்றத்துக்காகப் பதக்கம் பறிக்கப்பட்டவர்களின் அட்டைகளிலும் அப்படிக் குறித்திருப்பார்கள்.

பட்டாலியனைக் கண்டுபிடிக்க டபிள்யூஓ 329 பதிவேடுகள். பட்டாலியன் தெரிந்துவிட்டால் டபிள்யூஓ 95-ல் அதன் போர் நாட்குறிப்பைத் திறந்து, அவர் இருந்த நாட்களில் என்ன நடந்தது என்று நாள்வாரியாகப் படிக்கலாம். மழை பெய்தது, பதுங்குகுழியைச் செப்பனிட்டோம், இரண்டு பேர் காயம் என்று அதிகாரி பென்சிலால் எழுதிய வரிகள். இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் அதைப் படிக்கும் நேரம்தான்.

தனிநபர் பணிக்கோப்புகளில் பெரும்பகுதி இன்று இல்லை. 1940 செப்டம்பரில் ஜெர்மானிய விமானங்கள் லண்டன் ஆர்ன்சைட் தெருவில் இருந்த போர் அலுவலகக் கிடங்கின் மேல் குண்டு வீசின. அறுபது சதவீதத்துக்கு மேல் எரிந்துபோனது. தப்பியவற்றை 'எரிந்த ஆவணங்கள்' என்றே சொல்கிறார்கள். நீங்கள் தேடும் ஆளின் கோப்பு கிடைத்தால் அது அதிர்ஷ்டம்.

இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையத் தேடல் முற்றிலும் இலவசம். 1917-ல் தொடங்கிய இந்த ஆணையம் கல்லறை எங்கே, நினைவுச் சுவரில் எந்தப் பலகை என்று சொல்லிவிடும். வீரப் பதக்கங்களுக்கு பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஸட். அதையும் இணையத்தில் காசில்லாமல் படிக்கலாம்.

இப்போது நம் பக்கம். வேலூர் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது: இந்த ஊரிலிருந்து 277 பேர் 1914-18 பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள். இப்படிப்பட்ட கற்கள் அன்றைய இந்தியாவின் பல ஊர்களில் நடப்பட்டன. போனவர்களின் பதக்கங்களும் எங்கோ இருக்கின்றன. விளிம்பில் '2 க்யூ.வி.ஓ. எஸ். அண்ட் எம்.' என்ற சுருக்கம் தெரிந்தால் அது மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை. பெங்களூரைத் தளமாகக் கொண்டு, தமிழர்களும் தெலுங்கர்களும் நிறைந்திருந்த படை. மெசபடோமியாவில் (இன்றைய இராக்) பாலம் கட்டியும் சாலை போட்டும் உழைத்தவர்கள். படைப்பிரிவின் எண் 63 என்றால் பாளையங்கோட்டை லைட் இன்ஃபண்ட்ரி என்ற காலாட்படை. பெயர்கள் ஆங்கில எழுத்தரின் காதுக்கு எட்டியபடி இருக்கும். தந்தை பெயர் இருக்காது. ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். ஆகவே எண்தான் ஆதாரம்.

இந்தியச் சிப்பாய்களைத் தேடுவது கடினம். பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு இருப்பதுபோல் எல்லோருக்கும் அட்டை இல்லை. ஆனால் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் பதிவில், முக்கியமாக இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களுக்கு, தந்தை பெயரும் ஊரும் மாவட்டமும் பல சமயம் இருக்கும். சென்னை நந்தம்பாக்கத்தில் இருக்கும் போர்க் கல்லறைக்கு ஒரு நாள் போய் வாருங்கள். அங்கேயே முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கான நினைவுச் சுவரும் இருக்கிறது. பெங்களூரில் மதராஸ் சாப்பர்ஸுக்குச் சொந்த அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமும் உண்டு. இந்தியப் படைகளின் ஆவணங்களில் கணிசமானவை லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலகத் தொகுப்பில் இருக்கின்றன.

படி 5: மாற்றிய பெயரையும் போலியையும் பிடியுங்கள்

முழுப் பதக்கத்தையும் போலியாகச் செய்வதைவிட, உண்மையான பதக்கத்தில் பெயரை மாற்றுவது எளிது. லாபமும் அதிலேயே அதிகம். 1916 ஜூலை 1 அன்று மட்டும் பிரிட்டிஷ் படையில் 19,240 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவருடைய பதக்கம் சாதாரணப் பதக்கத்தைவிடப் பல மடங்கு விலைபோகும். அந்த வித்தியாசம்தான் அரத்தைக் கையில் எடுக்க வைக்கிறது.

விளிம்பை அரத்தால் ராவி, பழைய பெயரை அழித்து, புதுப் பெயர் பொறிப்பார்கள். ராவினால் விட்டம் குறையும். காலிப்பரை விளிம்பின் நான்கைந்து இடங்களில் வைத்து அளந்து பாருங்கள். 36 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கினாலோ இடத்துக்கு இடம் மாறினாலோ சந்தேகப்படுங்கள். விளிம்பு முகத்தோடு சேரும் ஓரத்தையும் பாருங்கள்: நேர்மையான தேய்மானம் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கும். முகம் நன்றாகத் தேய்ந்து விளிம்பு மட்டும் புதிதாக இருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

எழுத்தையும் லென்ஸில் பாருங்கள். அன்றைய இயந்திரம் எழுத்தை அழுத்திப் பதித்தது. பள்ளத்தின் அடி வழவழப்பாக இருக்கும், உலோகம் ஓரத்துக்கு லேசாகத் தள்ளப்பட்டிருக்கும். உளியால் செதுக்கிய எழுத்தில் கோடு கோடாக வெட்டுத் தடம் தெரியும். ஒரே படைப்பிரிவின் நல்ல பதக்கம் ஒன்றின் விளிம்புப் படத்தைப் பக்கத்தில் வைத்து எழுத்தின் உயரத்தையும் இடைவெளியையும் ஒப்பிடுங்கள். இந்தியப் படைகளின் பதக்கங்களில் எழுத்துப் பாணி வேறாக இருக்கும் என்பதால் இந்தியப் பதக்கத்தை இந்தியப் பதக்கத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

முழுப் போலிகள் பெரும்பாலும் வார்ப்பு. உண்மையானவை அச்சில் அடித்தவை. வார்ப்பில் குதிரையின் பிடரியும் எழுத்தின் ஓரமும் மழுங்கியிருக்கும், பரப்பில் ஊசிமுனை அளவு குழிகள் தெரியும்.

ரிப்பனுக்குப் புற ஊதா விளக்கு ஒன்று போதும். இருட்டில் அடித்துப் பாருங்கள். ரிப்பனோ தையல் நூலோ நீலமாக ஒளிர்ந்தால் அது பின்னாள் சரக்கு. ரிப்பன் மாற்றியிருந்தால் பதக்கம் போலி என்று அர்த்தமில்லை, நைந்த ரிப்பனை மாற்றுவது சகஜம். 'ஒருவர் கையும் படாத செட்' என்று விற்பவர் சொன்னால் மட்டும் அது பொய்.

படி 6: இரண்டாம் உலகப் போருக்குள் போவதற்கு முன்

1939-45, அட்லாண்டிக், ஏர் க்ரூ ஐரோப்பா, ஆப்பிரிக்கா, பசிபிக், பர்மா, இத்தாலி, பிரான்ஸ்-ஜெர்மனி என்று எட்டு ஸ்டார்கள். ஒன்பதாவதாக ஆர்க்டிக் ஸ்டார் 2013-ல்தான் வந்தது. ரஷ்யாவுக்குச் சரக்குக் கப்பல்களை உறைபனிக் கடல் வழியே கொண்டுபோனவர்களுக்கு, பெரும்பாலானோர் இறந்த பிறகு. இவற்றோடு பாதுகாப்புப் பதக்கமும் போர்ப் பதக்கமும்.

பிரிட்டன் இவற்றில் பெயர் பொறிக்கவில்லை. ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் பொறித்தன. இந்தியப் படையினரின் பதக்கங்களிலும் பெயர் பார்க்கலாம். தமிழ்நாட்டில் பழைய பட்டாளத்து வீடுகளில் அதிகம் தென்படுவது பர்மா ஸ்டாரும், பின்பக்கம் இந்திய வரைபடம் உள்ள இந்தியா சேவைப் பதக்கமும்.

பெயரில்லாத பதக்கத்துக்குக் காகிதம்தான் பெயர். அஞ்சலில் வந்த சிறு அட்டைப்பெட்டி, அதன்மேல் முகவரி, உள்ளே எத்தனை பதக்கம் என்று சொல்லும் சீட்டு, சம்பளப் புத்தகம், விடுவிப்புச் சான்று, புகைப்படம். இவை எதுவும் இல்லாமல் 'நெதர்லாந்தின் ஆர்னெமில் பாராசூட்டில் குதித்தவருடையது' என்று ஒருவர் சொன்னால், அந்த வாய்ச்சொல்லுக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். ஏர் க்ரூ ஐரோப்பா ஸ்டார் இந்தத் தொகுதியில் விலை கூடியது, போலியும் அதில் நிறைய. நம்பகமான வியாபாரியிடம் ரசீதோடு மட்டும் வாங்குங்கள்.

வீரப் பதக்கங்களில், சிப்பாய்களுக்கான மிலிட்டரி மெடலில் பெயர் உண்டு. அதிகாரிகளுக்கான மிலிட்டரி கிராஸ் பெயரில்லாமலே வழங்கப்பட்டது. இரண்டாம் போர்க் காலத்ததில் பின்பக்கம் ஆண்டு மட்டும் இருக்கும். தொடக்கக்காரர் பெயர் உள்ளதிலேயே நிற்பது நல்லது.

படி 7: பதக்கம் அல்லாத பொருட்கள்

இவற்றில் என் மனதைத் தொடுவது நினைவுத் தகடு. போரில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 120 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு வெண்கலத் தகட்டை அனுப்பினார்கள். சுமார் 13,55,000 தகடுகள். லிவர்பூல் சிற்பி எட்வர்ட் கார்ட்டர் பிரெஸ்டன் 'பிரமஸ்' என்ற புனைபெயரில் போட்டிக்கு அனுப்பி, 250 பவுண்டு பரிசு வென்ற வடிவம். பிரிட்டானியா, சிங்கம், இரண்டு டால்ஃபின். சுற்றிலும் சுதந்திரத்துக்காகவும் கௌரவத்துக்காகவும் இறந்தார் என்ற வாசகம். பெயர் மட்டும் இருக்கும். பதவி கிடையாது, படைப்பிரிவு கிடையாது. சாவில் எல்லோரும் ஒன்று என்ற முடிவு அது. வீட்டில் இருந்தவர்கள் இதைச் 'செத்தவன் காசு' என்று கசப்போடு அழைத்தார்கள். ஏறத்தாழ 600 தகடுகள் பெண்களுக்கு. அவற்றில் வாசகமே பெண்பாலில் இருக்கும், அதனால் ஆண் தகட்டைத் திருத்திப் பெண் தகடாக்கும் மோசடியும் உண்டு.

வாங்கும்போது அரிதான பெயரைத் தேடுங்கள். ஜான் ஸ்மித் என்ற தகடு நூற்றுக்கணக்கானவர்களில் யாருடையதும் ஆகலாம். முன்பக்கம் சிங்கத்தின் முன்னங்காலருகே சிற்பியின் முதலெழுத்துகள் தெளிவாக இருக்க வேண்டும். பெயர்க் கட்டத்துக்கு நேர் பின்னால் ராவிய தடம் இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். மறுவார்ப்புகள் சுருங்குவதால் அளவு குறையும்.

1914 கிறிஸ்துமஸுக்கு இளவரசி மேரியின் பெயரில் அனுப்பிய பித்தளைப் பெட்டி இன்னும் எளிதாகக் கிடைக்கிறது. உள்ளே பொதுவாகப் புகையிலையும் சிகரெட்டும் வாழ்த்தட்டையும். பிரான்சில் இருந்த சீக்கியர்களுக்குக் கற்கண்டும் மசாலாவும் வைத்து அனுப்பினார்கள். காலிப் பெட்டி மலிவு. உள்ளடக்கம் கலையாத பெட்டிக்கு விலை வேறு.

வெள்ளிப் போர் பேட்ஜ் தொடக்கக்காரருக்கு அருமையான பொருள். காயத்தாலோ நோயாலோ விடுவிக்கப்பட்டவர்கள், தெருவில் யாரும் 'கோழை' என்று ஏசாமலிருக்கக் கோட்டில் குத்திக்கொண்டது. பின்பக்கம் ஒரு எண் இருக்கும். பதிவேட்டில் அந்த எண்ணைத் தேடினால் ஆள் கிடைத்துவிடுவார்.

தொப்பி பேட்ஜ்களில் எச்சரிக்கை. பழைய அச்சுகளிலேயே பிற்காலத்தில் திரும்ப அடித்த நகல்கள் சந்தையில் குவிந்திருக்கின்றன. கண் பழகும்வரை அதிகம் செலவழிக்காதீர்கள். பீரங்கிக் குண்டின் பித்தளை உறையில் செய்த பூச்சாடிகள் அழகானவை, உறையின் அடியில் ஆண்டு இருக்கும். குண்டோ கையெறி குண்டோ முழுதாக இருந்தால் தொடாதீர்கள், போலீசுக்குச் சொல்லுங்கள். துப்பாக்கிமுனைக் கத்தி வாங்குவதற்கு முன் ஆயுதச் சட்டம் என்ன சொல்கிறது என்று விசாரித்துவிடுங்கள்.

படி 8: வாங்குவது

லண்டனில் ஸ்பிங்க், நூனன்ஸ் ஆகிய ஏல நிறுவனங்கள் பதக்கங்களுக்குப் பேர்போனவை. ஏலம் எடுக்காவிட்டாலும் அவர்களுடைய பழைய ஏல முடிவுகளைப் படியுங்கள். விலையும் தெரியும், ஒரு பதக்கத்தை எப்படி விவரிப்பது என்பதும் பிடிபடும். 1942-ல் தொடங்கிய ஆர்டர்ஸ் அண்ட் மெடல்ஸ் ரிசர்ச் சொசைட்டியில் உறுப்பினரானால் அனுபவசாலிகளைக் கேட்கலாம். இணைய ஏலத் தளங்களில், விளிம்பை முழுச் சுற்றும் படமெடுத்துப் போடாதவரிடம் படம் கேளுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள். ஏலத் தொகைக்கு மேல் நிறுவனத்தின் கமிஷன், அஞ்சல், இங்கே வந்தால் சுங்கம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தே கையைத் தூக்குங்கள்.

உள்ளூரில் பழைய வெள்ளி வாங்கும் கடைகளில் சொல்லிவையுங்கள். பதக்கங்கள் அங்கே எடைக்குத்தான் வருகின்றன, உருக்குவதற்கு முன் ஒரு போன் வந்தால் ஒரு பெயர் பிழைக்கும்.

ஒரு சட்டம் முக்கியம். இந்தியாவில் 1972-ம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி நூறு ஆண்டுக்குக் குறையாத பழமையுள்ள பொருட்கள் தொல்பொருள் ஆகலாம். தொல்பொருளைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்புவதற்குத் தடை உண்டு. முதல் உலகப் போர்ப் பதக்கங்கள் இப்போது அந்த வயதை எட்டிவிட்டன. இங்கிருந்து வெளியே விற்கவோ அனுப்பவோ நினைத்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம் கேட்டுவிட்டே செய்யுங்கள்.

படி 9: பராமரிப்பு

புளி போட்டுத் தேய்க்காதீர்கள். விபூதி போட்டும் தேய்க்காதீர்கள். நம் வீடுகளில் பித்தளைக்கும் வெள்ளிக்கும் கை தானாக அதற்குத்தான் போகும். ஒவ்வொரு தேய்ப்பிலும் விளிம்பின் எழுத்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், போன எழுத்து திரும்பாது. கறுத்த வெள்ளி கறுத்ததாகவே இருக்கட்டும். தூசிக்கு மென்மையான தூரிகை போதும்.

வெண்கலத்தில் பச்சைக் களிம்பு பொடியாக உதிர்ந்தால் மட்டும் கவலைப்படுங்கள். கடற்கரை ஊர்களில் இது வேகமாகப் பரவும். அந்தப் பதக்கத்தை மற்றவற்றிலிருந்து பிரித்து, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். மென்மையான பிவிசி உறைகள் உலோகத்தை அரிக்கும். புது மரப்பெட்டியிலிருந்து வரும் அமில ஆவியும் கெடுதல். அமிலமில்லாத காகிதமும் பாலியெஸ்டர் உறையும் பாதுகாப்பானவை. ரிப்பனும் கடிதங்களும் வெயில் படாத இடத்தில். பழைய ரிப்பன் கிழிந்திருந்தாலும் தூக்கி எறியாமல் பதக்கத்தோடு உறையில் போட்டு வையுங்கள்.

படி 10: பதிவு செய்யுங்கள், பிரிந்ததைச் சேருங்கள்

ஒவ்வொரு பதக்கத்துக்கும் ஒரு தாள் எழுதுங்கள். விளிம்பின் வரி எழுத்துக்கு எழுத்து அப்படியே, எழுத்துப்பிழை இருந்தால் அதோடு. எங்கே, எப்போது, எவ்வளவுக்கு வாங்கியது. தேடிக் கிடைத்தது என்ன, எந்தத் தொகுப்பில். விளிம்பின் படம். இந்தத் தாள் பதக்கத்தை விட்டுப் பிரியவே கூடாது.

ஒருவருடைய செட்டை உடைத்துத் தனித்தனியாக விற்காதீர்கள். அவருடைய கடிதத்தையோ படத்தையோ ஒருபோதும் பிரிக்காதீர்கள். உங்களிடம் இருப்பது உடைந்த செட்டின் ஒரு துண்டு என்றால் மற்றதைத் தேடலாம். பெயரையும் எண்ணையும் சேர்த்து ஏலத் தளங்களில் அறிவிப்பு வைத்துவிட்டால், என்றைக்காவது அது விற்பனைக்கு வரும்போது மின்னஞ்சல் வரும். பல வருஷம் கழித்துக்கூட ஜோடிகள் இப்படிச் சேர்ந்திருக்கின்றன.

அந்த மனிதரின் பேரனோ கொள்ளுப்பேத்தியோ தேடி வந்தால் முதலில் படங்களையும் நீங்கள் கண்டுபிடித்த ஆவணங்களையும் கொடுங்கள், அதற்குக் காசு கேட்காதீர்கள். பதக்கத்தையே கேட்டால், வாங்கிய விலைக்குக் கொடுப்பதே நியாயம் என்பது என் கருத்து. ஆனால் குடும்பம் என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் எல்லோரும் குடும்பமாக இருப்பதில்லை. எண், ஊர், தாத்தாவின் பெயர், ஒரு பழைய படம், இவற்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

உங்களுக்குப் பிறகு இந்தச் சேகரிப்பு யாருக்கு என்பதையும் எழுதி, தாள்கள் இருக்கும் அதே கோப்பில் முதல் பக்கமாக வையுங்கள். எந்த வியாபாரியை அணுகலாம், எந்த ரெஜிமெண்ட் அருங்காட்சியகத்துக்கு எதைக் கொடுக்கலாம், எதையெல்லாம் ஒன்றாகவே விற்க வேண்டும் என்று பெயர் பெயராக எழுதுங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் அந்தக் கோப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.